யாருக்குத் தெரியாத ரகசியம்?

யுத்தப் பேச்சு எழுந்துவிட்டால் நம் ஊர் டீக்கடைகளில் தளபதிகளுக்குப் பஞ்சமே இருக்காது. 2025 மே மாதம் எல்லையில் குண்டுச் சத்தம் கேட்ட அந்த நாலு நாட்களில், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த வாலிபர்கள், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல், செல்போனில் விமானத்தையும் ஹெலிகாப்டரையும் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: “தோழர், நீங்கள் எப்போதும் யுத்தம் வேண்டாம் என்றே பேசுகிறீர்கள். இருட்டிலே, எதிரியின் துப்பாக்கிக்கு நடுவிலே, ஒருத்தருக்கும் தெரியாமல் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறானே ஹெலிகாப்டர் ஓட்டி, அவன் வீரன் இல்லையா?”

வீரன்தான். அதில் சந்தேகமே வேண்டாம். யுத்தத்தை எதிர்க்கிறோம் என்பதற்காகச் சிப்பாயின் நெஞ்சுரத்தைக் கேலி செய்வது உழைப்பாளி மக்களின் வழக்கமல்ல. ஹெலிகாப்டரை நாம் பார்த்திருக்கிறோம். தேர்தல் சமயத்தில் தலைவர்களை இறக்கிவிட்டு மைதானத்துப் புழுதியை நம் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட ஜனங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் போட்டதும் அதுதான். அப்படிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஓடித் தப்பக்கூடிய வாகனமல்ல. தாழ்வாகப் பறக்கும், மெதுவாகப் போகும், வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். வாலிலே சுழலும் சின்ன விசிறியில் அடிபட்டால் போதும், மொத்த இயந்திரமும் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு தரைக்கு வந்துவிடும். அதில் ஏறிக்கொண்டு துப்பாக்கி சுடுகிற இடத்துக்கே போகிறவனுக்குத் துணிச்சல் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. துணிச்சலும் உழைப்பு மாதிரிதான். கொடுக்கிறவன் ஒருவன், அதை வாங்கிச் செலவழிக்கிறவன் இன்னொருவன். எதற்காகச் செலவழிக்கிறான்? ரகசியம் என்று சொல்லி அனுப்புகிறானே, அந்த ரகசியம் யாருக்குத் தெரியக்கூடாத ரகசியம்? எதிரிக்கா, அல்லது பெற்று வளர்த்து அனுப்பிய சொந்த ஜனங்களுக்கா? இந்த ஒன்றைக் கேட்டுப் பார்த்தால் பல வீரக் கதைகளின் சாயம் வெளுத்துவிடும். சில கதைகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும்.

பளிச்சென்று தெரிகிற கதையை முதலில் சொல்கிறேன். அதிகம் பேசப்படாத கதை அது.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்ட 162 இடங்களில் 160 இடங்களை அவாமி லீக் வென்றது. ஜனங்கள் இதைவிடத் தெளிவாகத் தீர்ப்பு எழுத முடியுமா? ஆனால் மேற்கே இருந்த ராணுவக் கும்பல் ஆட்சியைக் கொடுக்க மறுத்தது. 1971 மார்ச் 25 இரவு டாக்கா நகரத்துக்குள் டாங்கிகளை ஓட்டியது. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். அன்று திரிபுராவின் மொத்த ஜனத்தொகையே 15 லட்சத்துச் சொச்சம். வந்து சேர்ந்த அகதிகளும் கிட்டத்தட்ட அதே அளவு. நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் ஒரு அகதி வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படி வந்தவர்களில் விமானம் ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பாகிஸ்தான் விமானப் படையிலிருந்து தப்பி வந்தவர்கள் சிலர். சுல்தான் மஹ்மூத் என்ற அதிகாரி கராச்சியில் வேலையில் இருந்தவர். அங்கிருந்து நழுவி வந்தார். மற்றவர்கள் பட்டாளத்துக்காரர்களே அல்ல. பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸில் மாதச் சம்பளத்துக்குப் பயணிகள் விமானம் ஓட்டியவர்கள். பயிர்ப் பாதுகாப்பு இலாகாவில் வயலுக்கு மேலே பூச்சி மருந்து தெளித்துத் திரிந்த பைலட்டும் அதில் உண்டு. நம் பக்கத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் முதுகில் டிரம்மைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற தோழர்கள் அவரைத் தங்கள் ஜாதி என்றே கருதலாம். ஜாதி என்று நான் சொல்வது தொழில் ஜாதியை!

1971 செப்டம்பர் 28 அன்று நாகாலாந்தில் திமாப்பூர் விமானத் தளத்தில் இவர்களைச் சேர்த்து ஒரு சின்னப் படை அமைத்தார்கள். ‘கிலோ ஃபிளைட்’ என்று பெயர். பங்களாதேஷ் விமானப் படையின் பிறப்பு அதுதான். இந்திய விமானப் படை அவர்களுக்குக் கொடுத்தது மூன்றே மூன்று இயந்திரங்கள். ஒரு டக்கோட்டா விமானம், ஒரு ஓட்டர் விமானம், ஒரு அலுவெட் ஹெலிகாப்டர். டக்கோட்டா ஜோத்பூர் மகாராஜா தந்ததாம். ராஜாக்கள் கொடுத்ததையும் எழுதத்தானே வேண்டும்! அதே 1971 டிசம்பர் முடிவதற்குள் ராஜாக்களுக்குச் சர்க்கார் கொடுத்துவந்த மானியம் சட்டப்படி ஒழிந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மூன்றும் யுத்தத்துக்குச் செய்த வாகனங்கள் அல்ல. அந்த ஹெலிகாப்டரில் பைலட்டோடு சேர்த்து ஏழு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். பிரான்சில் வடிவமைத்தது, 1960களிலிருந்து பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆலைத் தொழிலாளர்களும் உரிமம் பெற்று அந்த ரகத்தைக் கட்டினார்கள். நம் படையில் அதற்குச் சேத்தக் என்று பெயர். மலையில் அடிபட்டவனைத் தூக்கிவரவும் அதிகாரியை ஏற்றிப் போகவும் பயன்பட்ட அந்த இயந்திரத்தைத்தான் போர் இயந்திரமாக மாற்ற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நான் பைலட்டுகளை விட்டுவிட்டு ஃபிட்டர்களிடம் போகிறேன். பத்திரிகைகள் எப்போதும் ஓட்டுகிறவனைப் படம் பிடிக்கும். ஸ்பேனர் பிடித்தவனை விட்டுவிடும். தப்பி வந்த வங்காள விமானப் படை மெக்கானிக்குகளும் இந்தியத் தொழில்நுட்பக்காரர்களும் சேர்ந்து அந்தச் சின்ன ஹெலிகாப்டரின் இரு பக்கமும் ஏழேழாகப் பதினாலு ராக்கெட்டுகளைப் பொருத்தினார்கள். இரட்டைக் குழல் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை மாட்டினார்கள். கீழேயிருந்து சுட்டால் துளைக்காதபடி தரையில் ஓர் அங்குலக் கனத்துக்கு இரும்புத் தகடு போட்டார்கள். நம் மில் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். ஓர் அங்குலத் தகடு ஒரு சதுர அடிக்கு 18 கிலோவுக்கு மேல் நிற்கும். தகடு கூடினால் எடை கூடும். எடை கூடினால் எண்ணெய் குறைய வேண்டும். எண்ணெய் குறைந்தால் திரும்பி வர முடியாது. உயிரைக் காக்கிற தகடே உயிரை வாங்கிவிடாதபடி கணக்குப் போட்டவன் யார்? அவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? ஓட்டர் விமானத்துக்கும் அப்படியே. இறக்கைகளுக்கு அடியில் ராக்கெட்டுகள். உள்ளே 25 பவுண்டு குண்டுகள் பத்து. அவற்றைப் போட விசை கிடையாது. ஒரு கதவை ஒப்பேற்றி வைத்துக் கையால் உருட்டித் தள்ள வேண்டும். சிவகாசிப் பக்கம் மருந்தறையில் வேலை பார்க்கிற பெண்கள் இதைப் படித்தால், கையும் மருந்தும் அவ்வளவு பக்கத்தில் இருப்பது என்றால் என்னவென்று எனக்கே சொல்லிக் கொடுப்பார்கள்.

இரண்டு மாதம் காட்டு மலைகளுக்கு நடுவே பயிற்சி. மரத்தின் தலையை உரசுகிற உயரத்தில், ராத்திரியில். இருட்டில் பார்க்கும் கண்ணாடி இன்று இருப்பதுபோல அன்று அவர்களுக்குக் கிடையாது. நவம்பர் 28க்கு நாள் குறித்தார்கள், அது தள்ளிப்போனது. எல்லாம் தயார் என்று சொல்லி உட்கார வைத்து, இன்று இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று, ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தேதி தள்ளிப்போய்க் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே இந்தியத் தளங்களைத் தாக்கின. அன்றிரவே கிலோ ஃபிளைட்டுக்கு உத்தரவு வந்தது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள். நிலா இருந்தது. நிலா ஓட்டுகிறவனுக்கும் வழி காட்டும், கீழே துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். சுல்தான் மஹ்மூதும் பத்ருல் ஆலமும் ஹெலிகாப்டரில் திரிபுராவின் தெலியாமுராவிலிருந்து கிளம்பினார்கள். போகவேண்டிய இடம் நாராயண்கஞ்ச் பக்கம் கோத்நாயில் எண்ணெய்க் கிடங்கு. நேர்கோடாக அளந்தால் ராஜபாளையத்திலிருந்து திண்டுக்கல் வரையுள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதில் பெரும்பகுதி எதிரியின் பூமி. போன தூரத்தைத் திரும்பியும் வர வேண்டும். ஓட்டரில் ஷம்சுல் ஆலமும் அக்ரம் அகமதும் சிட்டகாங் எண்ணெய்க் கிடங்கை நோக்கிப் போனார்கள்.

நாராயண்கஞ்ச் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? மில் ஊர். ஷீதலக்ஷ்யா நதிக்கரையில் 1951-இல் தொடங்கிய ஆதம்ஜி சணல் மில், ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சணல் மில், அங்கேதான் இருந்தது. மில் தொழிலாளி தூங்குகிற ஊரின் ராத்திரியில் ராணுவத்தின் எண்ணெய்த் தொட்டியைத் தேடிப் போனார்கள், தங்கள் சொந்த ஜனங்களின் தலைக்கு மேலே. ராக்கெட்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. சிட்டகாங்கிலும் எரிந்தன. கிழக்கே அந்த யுத்தத்தின் ஆரம்ப அடிகளில் ஒன்றை, மருந்து தெளிப்பவனும் பயணிகளை ஏற்றிச் சென்றவனும் இடம்பெற்ற ஒரு கைப்பிடிப் படை கொடுத்தது. இரண்டு இயந்திரங்களும் பத்திரமாகத் திரும்பி வந்தன. டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் வரை அவர்கள் பறந்துகொண்டே இருந்தார்கள்.

அதே யுத்தத்தில் மேக்னா நதியைத் தாண்டிப் பட்டாளத்தை இறக்கிய இந்திய ஹெலிகாப்டர் பைலட்டுகளைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். பாலம் தகர்ந்துபோன இடத்தில் டிசம்பர் 9 முதல் ராத்திரியும் பகலுமாகப் பறந்தார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது, நாட்டுப் படகுகளோடு வந்து ஆளையும் சாமானையும் அக்கரை சேர்த்த வங்காள விவசாயிகளையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். கிலோ ஃபிளைட் ரகசியம்தான். யாருக்குத் தெரியாத ரகசியம்? பாகிஸ்தான் ராணுவத்துக்கு. யுத்தம் முடிந்த அடுத்த கணமே அந்த ரகசியத்துக்கு வேலை இல்லாமல் போனது. ஊரறியச் சொன்னார்கள், விருது கொடுத்தார்கள். டெல்லி சர்க்காருக்கு அதில் சொந்தக் கணக்கு இருந்தது உண்மைதான். எந்த ஆளும் வர்க்கம் கணக்கில்லாமல் காசை எடுக்கும்? ஆனால் அந்த ஹெலிகாப்டரில் ஏறியவர்களுக்கு அது தங்கள் ஊர், தங்கள் ஓட்டு, தங்கள் பாஷை.

அதே 1971-இல் இன்னொரு பக்கம் என்ன நடந்தது? லாவோஸ் என்ற சின்ன நாடு. 1962-இல் ஜெனிவாவில் அதை நடுநிலை நாடு என்று ஒப்புக்கொண்டு அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தது. கையெழுத்தின் மை காய்ந்ததோ இல்லையோ, 1964 முதல் 1973 வரை அங்கே அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. சி.ஐ.ஏ. சொந்தமாகவே ‘ஏர் அமெரிக்கா’ என்ற கம்பெனியை வைத்து, பைலட்டுகளுக்குச் சாதாரண உடுப்பை மாட்டி ஹெலிகாப்டர் ஓட்டவிட்டது. 1971 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லாவோசுக்குள் நடத்திய ஒரே படையெடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஹெலிகாப்டர்கள் நொறுங்கின. அவற்றை ஓட்டியவர்கள் கோழைகளா? இல்லை. எரிகிற காட்டுக்குள் அடிபட்ட தோழனைத் தூக்கிவர இறங்கியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

ஆனால் அந்த ‘ரகசிய யுத்தம்’ யாருக்கு ரகசியம்? குண்டு தலையில் விழுந்த லாவோஸ் விவசாயிக்கா? அவனுக்கா தெரியாது! தெரியாமல் வைக்கப்பட்டவர்கள் அமெரிக்க ஜனங்கள். அவர்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய காங்கிரஸ் உறுப்பினர்கள். 27 கோடிச் சின்னக் குண்டுகள் அந்த மண்ணில் விழுந்தன. அவற்றில் ஏராளம் வெடிக்காமல் கிடந்து, பிறகு மம்பட்டி பட்டு வெடித்தன. பதவியில் இருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் லாவோஸ் மண்ணை மிதித்தது 2016 செப்டம்பரில்தான்.

வியட்நாமில் இன்னொரு அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டி இருந்தான். ஹியூ தாம்ப்சன் என்று பெயர். 1968 மார்ச் 16 அன்று மைலாய் கிராமத்துக்கு மேலே பறந்தபோது, தன் சொந்தப் படை கிழவிகளையும் குழந்தைகளையும் சுட்டுக் குவிப்பதைக் கண்டான். ஹெலிகாப்டரை நேரே சிப்பாய்களுக்கும் ஓடுகிற கிராமத்தாருக்கும் நடுவே இறக்கினான். “இவர்களை நம் ஆட்கள் சுட்டால் நம் ஆட்களை நீ சுடு” என்ற பொருளில் தன் துப்பாக்கிக்காரனுக்கு உத்தரவு போட்டான். கூட இருந்த கோல்பர்னும் ஆன்ட்ரியோட்டாவும் அவன் பக்கம் நின்றார்கள். பிணக்குழியில் இறங்கி உயிரோடிருந்த ஒரு பிள்ளையை ஆன்ட்ரியோட்டா தூக்கி வந்தான். தாம்ப்சன் தளத்துக்குத் திரும்பி மேலதிகாரிகளிடம் நடந்ததைச் சொன்னான். ராணுவம் இருபது மாதம் அதை மூடி வைத்தது. 1969 நவம்பரில் பத்திரிகையில் வெடித்தது. அதற்குப் பிறகும் அவனுக்குக் கிடைத்தது வசையும் மிரட்டலும். ராணுவம் அவனுக்கு முறையாகப் பதக்கம் கொடுக்க முப்பது வருஷம், 1998 வரை, ஆனது. எதிரிக்கு நேரே பறப்பது ஒரு துணிச்சல். சொந்த மேஸ்திரிக்கு நேரே நின்று “இது தப்பு” என்பது இன்னொரு துணிச்சல். இரண்டாவது எவ்வளவு அபூர்வம் என்பது எந்த மில் கேட்டில் நின்றாலும் தெரியும்.

தமிழில் எழுதுகிறவன் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. கடலுக்கு அக்கரையில், நம் பாஷை பேசுகிற மண்ணில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியப் படை ‘அமைதிப் படை’ என்ற பெயரில் இலங்கைக்குப் போனது. அக்டோபரில் அமைதி போய் யுத்தம் வந்தது. அக்டோபர் 11 இரவு, விடிந்தால் 12. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வட்டாரத்தில் புலிகளின் தலைமை இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கிப் பிடித்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். பரம ரகசியம்! பலாலி விமானத் தளத்திலிருந்து சில நிமிடப் பறப்பு. பாரா கமாண்டோக்களும் 13-வது சீக்கிய இலகு காலாட்படைச் சிப்பாய்களும் ஏறினார்கள். விளக்கை அணைத்து, மி-8 ஹெலிகாப்டர்களைப் பல்கலைக்கழக மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள் பைலட்டுகள்.

கீழே காத்திருந்தார்கள். இந்தியப் படையின் ரேடியோப் பேச்சைப் புலிகள் ஏற்கெனவே ஒட்டுக்கேட்டிருந்தார்கள். நாலா பக்கமும் துப்பாக்கி வெடித்தது. ஹெலிகாப்டர்களின் உடம்பெல்லாம் துளை. ஒரு தடவை இறக்கிவிட்டுத் திரும்பிய பைலட்டுகள், குண்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகும் மறுபடி ஆளேற்றிக்கொண்டு போனார்கள். இதைவிடப் பெரிய துணிச்சல் என்ன இருக்கிறது? ஆனால் இயந்திரங்கள் பறக்க முடியாத அளவு அடிபட்டபின் போக்குவரத்து நின்றது. மைதானத்தில் இறங்கிவிட்ட சீக்கியச் சிப்பாய்கள் முப்பது பேருக்கு உதவியும் வரவில்லை, வழியும் இல்லை. குண்டு தீரும் வரை போராடினார்கள். 29 பேர் செத்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார்.

பஞ்சாபின் வயல்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். நம் வீட்டுப் பிள்ளை பட்டாளத்துக்குப் போகிற அதே காரணத்துக்குத்தான் அவர்களும் போனார்கள். எதிரே செத்தவர்களும் யாழ்ப்பாணத்து வீடுகளின் பிள்ளைகள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளியன்று, இந்தியத் துருப்புகள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள் உட்பட 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பாண்டேஜ் துணி நெய்கிற தோழர்களுக்கு யுத்தத்தின் கணக்கு கெஜக் கணக்கில் தெரியும். காயம் கட்டுகிற இடத்திலேயே காயத்தை உண்டாக்குவதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இந்த ரகசியம் யாருக்குத் தெரியாத ரகசியம்? புலிகளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள், உள்ளே உட்கார்ந்திருந்த சிப்பாய்கள், ஓட்டிப்போன பைலட்டுகள், பஞ்சாபில் தூங்கிக்கொண்டிருந்த தாய்மார்கள், இக்கரையில் தமிழ்நாட்டு ஜனங்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பி வருவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டுபோயிருந்தார்கள். செத்த அக்கரைத் தமிழர்களின் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு. துணிச்சலுக்குக் குறைவே இல்லாத இடத்தில் இது ஏன் நடந்தது? செலவழித்தவன் கைக்கணக்குப் பார்க்காமல் செலவழித்ததால் நடந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டும்: அந்த ராத்திரிக்குத் திட்டம் போட்டது யார், ரேடியோ ஒட்டுக்கேட்கப்படும் என்று யோசிக்காமல் விட்டது யார், முப்பது பேரை இறக்கியபின் அடுத்த வழி என்ன என்று யார் எழுதி வைத்திருந்தார்கள்? காகிதங்கள் முழுவதையும் நாடாளுமன்றத்தின் மேஜையில் வைக்கட்டும். பாதுகாப்பு விஷயம், வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். 1962 சீன யுத்தத்தைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கைக்கும் இதே பதில்தான். அறுபது ஆண்டு கடந்தும் சர்க்கார் அதை முழுதாக வெளியிடவில்லை. அறுபது ஆண்டுக்கு முந்திய ரகசியம் எந்த எதிரிக்கு ரகசியம்? எதிரி அன்றே நேரில் பார்த்துவிட்டான்!

தனி மனிதனின் வீரத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பதற்கும் கிலோ ஃபிளைட் கதையிலேயே ஒரு கசப்பான பின்பகுதி இருக்கிறது. மில் ஊரின் மேலே அன்றிரவு பறந்த அதே சுல்தான் மஹ்மூத், விமானப் படைத் தலைவராக உயர்ந்து, 1982-இல் ஜெனரல் எர்ஷாத் ஆட்சியைப் பிடித்தபோது துணை ராணுவச் சட்ட நிர்வாகிகளில் ஒருவராக உட்கார்ந்தார். 1971-இன் அந்த ஒரு ராத்திரியை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அந்த ராத்திரியை 1982-க்கு வாடகைக்கு விடவும் முடியாது. ஆதம்ஜி சணல் மில்லை 2002-இல் மூடி, பல்லாயிரம் தொழிலாளர்களைத் தெருவில் விட்டார்கள். 2024 ஜூலையில் அதே டாக்காவில் மாணவர்களும் உழைப்பாளிகளும் வீதிக்கு வந்தபோது, அவர்களுடைய சொந்த சர்க்காரின் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேலே சுற்றிக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசின. அந்த நாட்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2025-இல் கணக்குச் சொன்னது. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஏறித் தப்பிப் போனதும் ராணுவ ஹெலிகாப்டரில்தான்.

நம் இரண்டு தாலுகாவிலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு. அவர்கள் கேட்கக் கூச்சப்படவேண்டிய கேள்வி ஒன்றுமில்லை. ‘வீரன்’ என்று பாராட்டுகிறவன், அந்த வீரன் ஏறுகிற இயந்திரத்துக்கு என்ன செலவழிக்கிறான் என்று கேட்கலாம். கார்டிங் மெஷினுக்குக் கவசம் போட்டுக் கொடு என்று கேட்டால் “என்னடா, பயந்துட்டியா?” என்று கேட்கும் மேஸ்திரியை நமக்குத் தெரியும். பயமில்லை என்று காட்டுவதற்காகக் கையைக் கொடுத்தவர்களையும் தெரியும். பட்டாளத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பெண்கள். 1971-இல் பதினாலு ராக்கெட்டைச் சுமந்து போன அதே சேத்தக் ரகத்தையும், அதே வம்சத்துச் சீட்டா ஹெலிகாப்டரையும் நாற்பது ஆண்டு கழித்தும் நம் பைலட்டுகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்து செத்துக்கொண்டும் இருந்தார்கள். 2015-இல் ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் ஒன்றுசேர்ந்து, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரை நேரில் பார்த்து, இந்தப் பழைய ஹெலிகாப்டர்களுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். தங்கள் புருஷன்மார் கோழைகள் என்று சொல்லவா போனார்கள்?